மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றிய அரிசி மூட்டை

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வேங்கிக்கால் பக்கம் புதிதாகத் திறந்திருந்த மொத்த விலைக் கடையில் மெம்பர் ஆனால் வீட்டுக்கு லாபமா, இல்லையா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பழைய நெல் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, வாசலில் ஒரு மேஜை போட்டுக் கடை ஆக்கியிருந்தார்கள். வருஷச் சந்தா கட்டினால் ஓர் அட்டை. அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மட்டும் சோதனைக்கு வாங்கிப் பார்க்கலாம்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகள் மெட்ராசில் ஹாஸ்டலில் இருந்தாள்.

என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையை எடுக்காமல் கேட்டார். "ரெண்டு பேருக்கு எதுக்கு மொத்த விலை? கல்யாண மண்டபமா நடத்தறோம்?"

"பாத்துட்டு வர்றதுல என்ன தப்பு? நான் பொருளாதாரம் படிச்சவ."

"ரெண்டாம் வகுப்பு" என்றார்.

மனிதர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த ரெண்டாம் வகுப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்சாவும் கூட வருகிறேன் என்றாள். வாங்குவதில் ஆளுக்குப் பாதி. இதுவரை எல்லாம் சரி.

சிக்கல் ஒன்றுதான். அதன் பெயர் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர். தெருவுக்கே போன் அவர் கடையில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் அந்த போனுக்குத்தான் பேசுவாள். ஏகாம்பரம் வாசலுக்கு வந்து, "அம்மோவ், மெட்ராஸ் போனு!" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் மாவுக் கையோடு ஓடுவேன். மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் மீதி வாரத்தை ஓட்டுவேன்.

எதிர்வீட்டுத் தபாலாபீஸ்காரர் மனைவி ஒரு தடவை வேறு கடையில் மிளகாய் வாங்கிவிட்டாள். அதற்கப்புறம் அவள் போய், "போன் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் ஏகாம்பரம் வருத்தமாகத் தலையாட்டுவார்.

"லைன் சரியில்லீங்க. வுட்டு வுட்டு வருது."

அந்தக் கோடை முழுக்க அவள் ஒருத்தி வீட்டுக்கு மட்டும் லைன் சரியில்லை.

ஆகவே, லாபம் வருகிறதோ இல்லையோ, நாங்கள் மொத்த விலைக் கடைக்குப் போனது ஏகாம்பரத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கடைக்குப் போனோம். மேஜைக்காரர் சோதனைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"பத்து கிலோ அரிசி" என்றேன்.

"மூட்டைதாம்மா."

"சரி, கடுகு ஒரு நூறு கிராம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடுகு அஞ்சு கிலோவுக்குக் கம்மி கெடையாது."

"அஞ்சு கிலோ கடுகை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

"தாளிங்க" என்றார்.

அம்சா என் முழங்கையை இடித்தாள். "அக்கா, வெலை ரொம்பக் கம்மி. வாங்கிப் போட்ருவோம். கடுகு கெட்டா போவுது?"

விலை கம்மி என்று தெரிந்ததும் மனசு எப்படித்தான் மாறிவிடுகிறதோ! உள்ளே நுழையும்போது மளிகை வாங்க வந்தவள், அரை மணி நேரத்தில் ஒரு படைக்கு உணவு சேகரிப்பவள் ஆகிவிட்டேன். ஒரு மூட்டை அரிசி. ஒரு டின் நல்லெண்ணெய். குழந்தை அளவுக்கு ஒரு புளி மூட்டை. ஐந்து கிலோ கடுகு.

அரிசி மூட்டையின் வயிற்றில் நீல மசியில் கடையின் பெயரை அச்சடித்திருந்தார்கள். நாலு வீடு தள்ளி நின்றாலும் படிக்கலாம்.

ஒற்றை மாட்டு வண்டி ஒன்று பிடித்தோம். வண்டிக்காரர் பெயர் ஏழுமலை. மூட்டையை ஏற்றியபிறகுதான் எனக்கு உறைத்தது. டவுன் வழியாகச் செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஏகாம்பரம் கடை வாசலைத் தாண்டித்தான் தெருவுக்குள் நுழைய முடியும்.

"அக்கா, இப்ப என்ன பண்றது?" என்றாள் அம்சா.

எங்கள் தெருவுக்கு இரண்டு முனை. கிழக்கு முனையில் ஏகாம்பரம். மேற்கு முனையில் ஒரு புளியமரம் மட்டும். மேற்கு வழியாக வர வேண்டுமென்றால் மலையையே சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

"சுத்திக்கிட்டே போயிடலாம்" என்றேன்.

அம்சா தலையாட்டினாள். "நீங்க காலேஜ் படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும்."

ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னாம்மா சொல்றீங்க? இங்கருந்து அடி அண்ணாமலை வழியா போனா மலைய எதிர்ப்பக்கமா இல்ல சுத்தறோம்? ஆவாதும்மா."

"நாங்களா சுத்தறோம்? வண்டிதானே சுத்துது?"

"மாடு சுத்துதே!"

பொருளாதாரத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொன்னேன். மாட்டிடம் ஏதோ மன்னிப்புக் கேட்பது போல அதன் திமிலைத் தடவிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு எதிரே நாலு பேர் வந்தார்கள். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. அவர்களுக்குப் பின்னால் பத்து பேர். அவர்களுக்குப் பின்னால் ரோடே தெரியவில்லை.

"ஐயையோ!" என்றாள் அம்சா. "அக்கா, இன்னைக்குப் பௌர்ணமி!"

நிலாவைப் பற்றி மட்டும் இரண்டு நோட்டுப் புத்தகம் கவிதை எழுதி வைத்திருந்தவள் நான். அது எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து வைக்கவில்லை.

இப்போது வருகிற கூட்டம் அப்போது இல்லை. ஆனால் எங்களைத் திட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது. ஊரே மலையை வலம் வருகிறது. நாங்கள் மட்டும் ஒரு மூட்டையோடு எதிரே போகிறோம்.

"ஏம்மா, படிச்ச பொம்பளைங்க மாதிரி இருக்கீங்க. இப்படியா வர்றது?" என்றாள் ஓர் அம்மாள். "எந்த ஊரு நீங்க?"

"மெட்ராசுங்க" என்றாள் அம்சா கூசாமல்.

"அதான பாத்தேன்!"

மெட்ராசின் மீது ஒரு பழியைப் போட்டுவிட்டு நகர்ந்தோம். சாயங்கால வெயில் மலையின் மேல் செம்மண் கரைத்து ஊற்றினது போல இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் முகத்தைத்தான் காட்டும் அந்த மலை. அன்றைக்கு எனக்கு மட்டும் முதுகைக் காட்டிவிட்டதோ என்று இருந்தது.

அடி அண்ணாமலை வந்தது. காவி கட்டின ஒரு சாமியார் கையில் இருந்த தடியை நீட்டி மாட்டை நிறுத்தினார். சுற்றிலும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எதுக்க வண்டி வுட்றியே, ஒனக்கு அறிவு கீதா?" என்று ஒருத்தன் ஏழுமலையின் சட்டையைப் பிடித்தான்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திக் கத்தினார்.

"அன்னதானம் சாமி! அன்னதானத்துக்கு அரிசி போவுது!"

சட்டையைப் பிடித்த கை அதே சட்டையை நீவிவிட்டது. "முன்னாலயே சொல்லக் கூடாதாய்யா?"

சாமியார் தடியை ஊன்றித் திரும்பினார். "அன்னதானமாம்! எல்லாம் ஒக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். முதலில் சாமியார்கள் ஒரு வரிசை. அப்புறம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பாட்டி முதல் கைக்குழந்தை வரை. அப்புறம் எதற்கு உட்காருகிறோம் என்றே தெரியாமல் ஒரு முப்பது பேர்.

"யோவ், அது எங்க வூட்டு அரிசியா, ஒங்க வூட்டு அரிசியா?" என்று அம்சா பல்லைக் கடித்தாள்.

"வேற இன்னா சொல்லச் சொல்றீங்க? மாட்ட அடிக்க வந்தாங்கம்மா."

'மன்னிக்க வேண்டும், இது எங்கள் வீட்டு மளிகை' என்று எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். மனசுக்குள் மூன்று தடவை சொல்லியும் பார்த்தேன். ஆனால் அதற்குள் ஊர்க்கார அம்மா ஒருத்தி ஓர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்க வூட்டு அண்டாங்க. தோ, அடுப்பு மூட்டியாச்சு. அரிசி எங்க?"

அப்போதுதான் பார்த்தேன். கூட்டத்தின் நடுவே, வெள்ளை வேட்டி, திறந்த மார்பில் பட்டை பட்டையாக விபூதி, தராசுத் தட்டைப் பார்ப்பது போலத் தரையைப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்துக்கொண்டு, ஏகாம்பரம் வந்துகொண்டிருந்தார்.

சட்டென்று மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நீல எழுத்தின் மேல் புடவையைப் பரப்பிவிட்டேன்.

"எழுந்திரிங்கம்மா, அரிசிய எடுக்கணும்" என்றாள் அண்டாக்காரி.

"முடியாது."

"ஏன்?"

"கால் மரத்துப்போச்சு."

"அப்டியே தூக்கி எறக்கிடலாமா?" என்றார் சாமியார்.

"கிட்ட வராதீங்க!"

இந்தச் சத்தத்தில் ஏகாம்பரம் நிமிர்ந்தார். "யாரு? அட, நம்ம அம்மாவா! அம்சாவுமா! இன்னா இங்க?"

"நீங்க கடையில இல்லையா?" என்றேன்.

"பௌர்ணமியாச்சே. மூணு மணிக்கே சாத்திட்டேன். மாசாமாசம் சாத்தறதுதானே?"

அம்சா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் வாங்கின ரெண்டாம் வகுப்பு மூன்றாம் வகுப்பாக இறங்கியது.

"அன்னதானமாம்" என்று சாமியார் ஏகாம்பரத்துக்கு விளக்கினார். "ஆனா இந்தம்மா அரிசிய வுட மாட்டேங்குது."

ஏகாம்பரம் வண்டியை எட்டிப் பார்த்தார். "அரிசி, புளி, நல்லெண்ணெய், கடுகு... புளிசாதத்துக்குன்னே பாத்து வாங்கியிருக்கீங்களே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எங்க வாங்குனீங்க?"

"சொந்தக்காரங்க வூட்டு நெல்லு" என்றாள் அம்சா.

"கடுகுமா?"

அதற்குள் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை இறக்கியே விட்டார்கள். நீல எழுத்து வெளியே வந்தது. ஏகாம்பரம் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

எனக்கு எங்கேயோ போன் மணி அடிப்பது போலவும், யாருமே எடுக்காதது போலவும் இருந்தது.

"மெம்பர் ஆவலாமா வேணாமான்னு பாக்கத்தான் போனோம்" என்றேன். "இன்னும் சந்தா கட்டல. நீங்க கோவிச்சுக்குங்க, திட்டுங்க. பாப்பாவோட போனை மட்டும் நிறுத்திடாதீங்க."

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவாசிக் கைக்குழந்தை கூட அழுகையை நிறுத்திவிட்டது.

ஏகாம்பரம் மூட்டையைத் தன் பக்கம் இழுத்தார். தையலைப் பிரித்தார். நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"போன வாரத்து லோடு" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் இடுப்புப் பையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஓர் அட்டையை எடுத்து, கூட்டத்துக்குத் தெரியாமல் உள்ளங்கையில் மறைத்துக் காட்டினார். அதே கடை. அதே நீல மசி.

"தெறந்த அன்னைக்கே மெம்பர் ஆயிட்டேம்மா. மூணு மாசமா ஒங்களுக்கு நான் போட்டது இதே அரிசிதான்."

"ஆரணியிலேருந்து தனியா வரவழைச்சதுன்னு சொன்னீங்களே?" என்றாள் அம்சா.

"சொன்னேன்" என்றார் ஏகாம்பரம்.

பிறகு என் பக்கம் குனிந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கெஞ்சினார். "தெருவுல யாருக்கும் சொல்லிடாதீங்கம்மா. ஒங்க பொண்ணு போனு எப்பவும் போல வரும்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கடையிலிருந்து உப்பும் மிளகாயும் வந்தன. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அண்டாவைக் கிளறினார். அம்சா முந்தானையைச் செருகிக்கொண்டு பரிமாறினாள். அரிசியில் பாதி அவளுடையது. ஆகவே புண்ணியத்திலும் பாதி தனக்குத்தான் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். வரிசை நீண்டுகொண்டே போனது, அண்டாவும் மறுபடி மறுபடி அடுப்பில் ஏறியது. நான் அகப்பையோடு வரிசையில் போனேன். பசித்தவர்கள் சாப்பிடும்போது ஒரு சத்தம் வரும். பேச்சில்லாத, லேசான மழை போன்ற ஒரு சத்தம். நான் எழுதின எந்த வரியும் அந்தச் சத்தத்துக்குக் கிட்ட வந்ததில்லை.

சாமியார் மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

"கடுகு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

வண்டியைத் திருப்பி, சரியான பக்கமாகவே மலையைச் சுற்றி, பூட்டியிருந்த ஏகாம்பரம் கடை வழியாகவே வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரர் வெறும் சாக்கைப் பார்த்தார்.

"அரிசி எங்க?"

"சாப்ட்டுட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, "அம்மோவ், மெட்ராஸ் போனு!" என்று குரல் வந்தது. மாவுக் கையோடு ஓடினேன். மூன்று நிமிஷம் ஆனது. ஏகாம்பரம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆறு ஆனது, அப்போதும் பார்க்கவில்லை. தராசைத் துடைப்பது போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"லெட்டர்ல எழுதியிருந்தியே, மொத்த விலைக் கடையில மெம்பர் ஆயிட்டியாம்மா?" என்றாள் மகள்.

"வேணாம்னு விட்டுட்டேன். நம்ம தெருவுக்கு ஒரு மெம்பர் போதும்."