ஓவன் பக்கம் மட்டும் போயிடாதீங்க

நம்மாள் காலையில் பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்துவிட்டார். இந்த லீவு வண்டிக்குத்தான். உலகமே தலைகீழாகப் புரண்டாலும் வண்டிக்குத்தான்.

வண்டி என்றால், ஷெட்டில் செங்கல் மேல் நிற்கிற அந்தப் பழைய பிக்கப். டயர் நாலும் வழுக்கையாகிக் கழற்றியாயிற்று. புது டயருக்கென்று காசு சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் காசின் மேல் அம்மணிக்கு ஒரு கண். அவளுடைய ஓவன் கதவு ஒழுங்காகச் சாத்திக்கொள்ளாது. ஸ்டூலை முட்டுக் கொடுத்துத்தான் கேக் சுடுவாள்.

"என்னங்க, டயருக்கு பதிலா ஒரு புது ஓவன்..."

"ஏன், இது சூடாகலையா?"

"சூடாகுது. கதவுதான்..."

"சூடானா போதும். சமையலுக்கு லாயக்கில்லைன்னு ஆகட்டும், மறுநாளே டயர் காசை எடுத்துத் தர்றேன். போதுமா?"

மதில்மேல் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மெக்கானிக், "அண்ணே, வாக்குக் கொடுத்துட்டீங்க" என்றான்.

"கொடுத்தா கொடுத்ததுதான்!" நம்மாள் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு அம்மணி பக்கம் திரும்பி, "இன்னொண்ணு. வண்டி விஷயத்துல மட்டும் நீ வாயே திறக்கக் கூடாது. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"நான் ஏங்க திறக்கப் போறேன்?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

பெண்டாட்டி இவ்வளவு லேசாக அடங்கினால் புருஷனுக்குச் சந்தேகம் வர வேண்டும். நம்மாளுக்கு வரவில்லை. அவர் பசியோடு சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

முதல் வேலை எக்ஸாஸ்ட் குழாய்கள். இன்ஜின் கக்குகிற சூட்டுப் புகையை நாலு குழாய் வாங்கி, ஒன்றாகச் சேர்ந்து பின்னால் தள்ளுகிற சமாச்சாரம். கழற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. போல்ட்டெல்லாம் துரு ஏறி, எண்ணெய் ஊற்றினாலும் அசைய மாட்டேன் என்றன. ஒன்று தலை முறிந்தே வந்தது. பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள். தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது. மூக்கைச் சிந்தினால் துரு. கடைசியில் தின்னர் போட்டுத் துடைத்துக் குழாய்களைத் துணிக்கொடியில் தொங்கவிட்டார், அம்மணியின் ஹேங்கர்களில். சூடு தாங்குகிற பெயிண்ட்டை மெல்லிசாக அடித்தார், காயவிட்டு மறுபடி அடித்தார். கொடியின் அந்தக் கோடியில் காய்ந்த தலையணை உறைக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

பெயிண்ட் கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். நல்லா சூடு காட்டினால்தான் இந்த பெயிண்ட் பிடிக்கும், இல்லையென்றால் உரிந்துவிடும். எப்படிக் காட்டுவது என்று கேட்க நம்மாளுக்கு கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அம்மணியின் முடி உலர்த்தும் மெஷினை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். குழாய் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. மெஷின்தான் கருகியது.

அந்த நேரம் பார்த்து அம்மணி கைப்பையோடு வந்து நின்றாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன். என்னங்க, ஒண்ணே ஒண்ணு."

"என்ன?"

"என் ஓவன் பக்கம் மட்டும் போயிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஓவனா? நான் ஏன் போகப் போறேன்?"

"அதோட சூடு ரொம்ப ஜாஸ்தி. இரும்பே வெந்துடும். அதான் சொன்னேன்."

வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டதோ இல்லையோ, நம்மாள் குழாயும் கையுமாகச் சமையலறையில் நின்றார். தட்டுகளை உருவினார். குழாய்களைக் கோணலாகத் திணித்தார். ஸ்டூலை முட்டுக் கொடுத்தார். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். புகை வந்தது பாருங்கள், கண்ணைத் திறக்க முடியவில்லை! எதிர்வீட்டுப் பூனை எழுந்து வேறு தெருவுக்குப் போயிற்று.

ஆனால் குழாய்கள் வெளியே வந்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அத்தனை அழகு! ஒரே ஒரு குறை. துடைத்த பிறகு வெறுங்கையால் தொட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல், அவருடைய அஞ்சு விரலும் அப்படியே பதிந்திருந்தன. திருடன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

சாயங்காலம் அம்மணி உள்ளே நுழைந்து மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க நாத்தம் இது?"

"எதிர்வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க."

"அப்படியா?" என்றவள், பேசாமல் ஒரு ரொட்டித் துண்டை ஓவனில் வைத்து வாட்டினாள். தட்டில் போட்டு நீட்டினாள். "களைச்சிருப்பீங்க. சாப்பிடுங்க."

மாட்டேன் என்றால் குட்டு உடையும். கடித்தார். டயரை தின்னரில் ஊறவைத்துத் தின்றால் அப்படித்தான் இருக்கும். ஓடிப் போய்த் துப்பினார்.

"இந்த ஓவன் சமையலுக்கு லாயக்கா, இல்லையா?"

நம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டார். மதில்மேல் மெக்கானிக்கின் கை இரண்டும் தயாராக ஊன்றியிருந்தன.

"...இல்லை."

"டயர் காசு போச்சா அண்ணே?" என்றான் அவன். "ஆமா, குழாயை எதுக்கு ஓவன்ல வெச்சீங்க? வண்டியிலயே மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஓடவிட்டு ஆறவெச்சா, அந்த சூட்டுலயே பெயிண்ட் பிடிச்சிடுமே! நீங்க பெயிண்ட் அடிக்கும்போதே அண்ணி வந்து கேட்டாங்க, விவரமா சொல்லியனுப்பினேனே!"

நம்மாள் மெதுவாகத் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் சொல்லலை?"

"வண்டி விஷயத்துல வாயே திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் என்னைக்குங்க உங்க பேச்சைத் தட்டியிருக்கேன்?"

மறுநாளே புது ஓவன் வந்தது. கதவு வெண்ணெய் மாதிரி சாத்திக்கொண்டது. பழசு ஷெட்டுக்குப் போய், டயரில்லாத வண்டிக்குப் பக்கத்தில் குந்தியது. நம்மாளுக்கு எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். கழற்றி வைத்திருந்த சக்கர அச்சில் ஒரு இரும்பு வளையத்தை அடித்து இறக்கப் பார்த்தார். அச்சு ஒரு இம்மி பருமனாக இருந்து, இறங்க மாட்டேன் என்றது.

அம்மணி டீ கொண்டுவந்து வைத்தாள். அச்சைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு. குளிர்ல இரும்பு சுருங்கும்னு என் பழைய ஃபிரிட்ஜ்ல மட்டும் அதை வெச்சிடாதீங்க."

அதுவரை நம்மாளுக்கு ஃபிரிட்ஜ் ஞாபகமே வந்திருக்கவில்லை.