கை கழுவாமல் வா என்றார் தோல்சாமி

ஏழு தோலையும் சுத்தம் பண்ணுகிற சாமி வந்திருக்கிறார் என்று பாலக்கோடு பூராவும் ஒரே பேச்சு. மனுஷனுக்குத் தோல் ஏழு அடுக்காம். எவனோ வைத்த செய்வினை அடுக்கடுக்காய் இறங்கி உட்கார்ந்திருக்குமாம். வாரம் ஒரு அடுக்காகச் சாமி வெளியே எடுப்பாராம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மேல்தோல், அடித்தோல், அதற்கும் கீழே கொழுப்பு, அதோடு சரி. மிச்சத்தைச் சாமியே தயாரித்துக்கொண்டார். அடுக்கு கூடினால்தானே காணிக்கையும் கூடும்.

சாமியாவதற்கு முன் அவர் பெயர் மாதவராஜ். வேனில் மைக் கட்டிச் சிவப்பழகு கிரீம் விற்றவர். தோலுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

மார்க்கெட் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். மொரப்பூரில் ரயில் இறங்கி, பஸ் பிடித்தெல்லாம் வந்தார்கள். ஆனால் தக்காளி பறிக்கிறவர்களைத்தான் சாமி முதலில் கூப்பிடுவார். ஒரே ஒரு நிபந்தனை, தோட்டத்திலிருந்து நேராக வரவேண்டும், கை கழுவக் கூடாது. உழைத்த கையை அப்படியே பார்க்கணுமாம். ஏழைமேல் என்ன பாசம் என்று சனம் உருகிப்போனது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரை அந்தக் கையில் ஊற்றித் தேய்ப்பார். வெள்ளைத் தட்டில் பச்சையும் மஞ்சளுமாய் வழியும். விஷம் இறங்குகிறது என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

தீர்த்தம்மாளும் வந்தாள். அவள் முன்கையில் வெளுத்த தேமல் ஒன்று. தொட்டால் தெரியாது, வெயிலில் நின்றாலும் அந்த இடம் மட்டும் வேர்க்காது. அது தொழுநோய், மாத்திரை தின்றால் குணமாகும் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி, காசில்லாமல் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். மாத்திரை தோலை அடைக்கும், நிறுத்து என்றார் சாமி. அதோடு விட்டாரா? தேமல்மேல் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தார். அவளுக்குச் சுடவே இல்லை. அம்மன் கை வைத்த இடம் என்றார். கொட்டகையே குலவை போட்டது. சூடு தெரியாத தோல் செத்துக்கொண்டிருக்கிற தோல் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அட, நெருப்பைத் தொட்டால் கையை இழுத்துக்கொள் என்று சொல்லத்தானே தோலுக்குள் நரம்பு இருக்கிறது!

மறுநாள் அந்த இடம் கொப்புளமாகி உடைந்திருந்தது. கூடவே பறிக்கிற இசபெல்லா பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"அம்மன் முத்திரைன்னு சாமி சொல்றாரு. ஆனா இசபெல்லா, இப்பல்லாம் வெரல்லகூட ஒணர்ச்சி இல்ல. காயா பழமான்னு தொட்டுப் பாத்தா தெரிய மாட்டேங்குது. கை போச்சுன்னா எனக்கு என்ன பொழப்பு?"

இசபெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் இடது கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு தக்காளி பறித்தாள். வலது கை வெறுங்கை. வேலை முடிந்ததும் தீர்த்தம்மாளையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

கவரைக் கழற்றி இடது கையை நீட்டினாள். சாமி தேய்த்தார், தேய்த்தார், எலுமிச்சைதான் தீர்ந்தது. தட்டில் வெறும் தண்ணீர். வலது கையை நீட்டினாள். பச்சையாக ஓடியது.

"ஏனுங்க சாமி, செய்வினை வெச்சவன் ஒத்தக் கைக்கு மட்டும் வெச்சுட்டுப் போயிட்டானுங்களா?"

விஷம் வலப்பக்கம்தான் ஏறும் என்றார் சாமி. மனுஷன் சளைக்கவில்லை. அவள் மடியிலிருந்து ஒரு கொத்துத் தக்காளி இலையை எடுத்தாள், சாமியின் இடது கையைப் பிடித்தாள், உள்ளங்கை கறுக்கிற வரைக்கும் தேய்த்தாள். அவருடைய எலுமிச்சைத் தண்ணீரையே அதன்மேல் ஊற்றினாள். சாமியின் கையிலிருந்தும் பச்சையாக வழிந்தது.

"உங்களுக்கு வெச்சது யாருங்க?"

தக்காளிச் செடியில் கை பட்டால் பிசின் ஒட்டும், காய்ந்தால் கறுக்கும், எலுமிச்சைக்குக் கரையும். இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தினம் வீட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டால் இதே பச்சைதான் நுரைக்கும். அங்கே அதற்குப் பெயர் கறை. இங்கே தகரக் கூரைக்குக் கீழே வந்ததும் செய்வினை ஆகிவிட்டது. தெரிந்ததை வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டு வருகிற சனம்!

சாமி பின்பக்கமாக நழுவிப் பைக்கைக் கிளப்பினார். பச்சைக் கையைக் கழுவக்கூட நேரமில்லை. அவர் சொன்ன நிபந்தனையை அன்றைக்குத்தான் அவரே கடைப்பிடித்தார்.

தீர்த்தம்மாள் தன் புண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மாத்தரைய மறுபடி குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கக்கா. வா, இப்பவே போலாம்."

பஸ் வந்தது, ஏறிப் போனார்கள். மற்றவர்கள் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறார்கள், அடுத்த சாமி எப்போது வருவார் என்று விசாரித்துக்கொண்டு. தோலுக்கு மாத்திரை சர்க்கார் கொடுக்கும், ஐயா. யோசிக்கிற வேலையை அவனவன்தான் பார்க்கணும்.