ஐந்து பேர் திருத்திய ஒரு வரி

எழுத்து என்ற ஒன்று உண்டான நாளிலிருந்து அதற்கு நேர்ந்த நன்மைகளை வரிசைப்படுத்தினால், மண்டலத் தொழில்முறை எழுத்தாளர் சங்கம் முதல் மூன்று இடங்களுக்குள் நிச்சயம் வரும். மற்ற இரண்டு இடங்கள் யாருக்கு என்று முடிவு செய்யச் சங்கம் ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறது. அறிக்கை இன்னும் வரவில்லை.

இப்பேர்ப்பட்ட சங்கத்தைத் தோளில் சுமப்பவர் அதன் செயலாளர். தொழிலால் அவர் கையேட்டு எழுத்தாளர். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சலவை இயந்திரம் என்று எதை வாங்கினாலும் உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் இருக்குமே, அதில் 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று எழுதுகிறவர். அந்த வரியால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் சங்கத்தில் ஒருவரும் அதை 'எழுத்து' என்று ஒப்புக்கொண்டதில்லை. எழுதும் வேலை இல்லாதவர் என்பதால்தான் அவரைச் செயலாளராகப் போட்டார்கள்.

சங்க அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. நீள மேசை ஒன்று, நாற்காலிகள் ஆறு, பாதிக்கு மேல் திறக்காத இரும்பு அலமாரி ஒன்று. அலமாரிக்குள் கடிதத்தாள், ரப்பர் முத்திரை, விதிப்புத்தகம். விதிப்புத்தகத்தைச் செயலாளர் கரைத்துக் குடித்திருந்தார். அதில் எட்டாம் விதிதான் சங்கத்தின் உயிர்நாடி: 'சங்கத்திலிருந்து வெளியே போகும் எந்த எழுத்தையும் செயற்குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது திருத்த வேண்டும். திருத்தாதவர் கூட்டத்துக்கு வராதவராகக் கருதப்படுவார்.'

மூன்று கூட்டத்துக்கு வராதவருக்குப் பதவி போய்விடும். ஆகவே எந்தக் கூட்டத்திலும் யாரும் சும்மா இருந்ததில்லை. மின்விசிறி ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனுக்கு எழுதிய கடிதம் பதினோரு மாதம் திருத்தப்பட்டது. அது முழுமை பெற்ற அன்று மின்விசிறி தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. எழுத்தின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தலைவர் ஆண்டு விழாவில் கேட்டார்.

இந்தச் சங்கத்துக்குத்தான் செயலாளரின் அக்கா ஒரு சின்னக் காரியமாக வந்தார்.

அக்காவும் எழுத்தாளர்தான்; ஒன்பது வருஷ உறுப்பினர். நின்றுபோன ஒரு சிறுவர் பத்திரிகைக்கு இருபத்திரண்டு கதைகள் எழுதியிருந்தார். குடை பிடிக்கும் ஆமை, பொய் சொல்லத் தெரியாத நரி என்று குழந்தைகள் கேட்டுக் கேட்டுப் படித்த கதைகள். அந்தப் பத்திரிகையில் யார் பெயரையும் போடும் வழக்கமில்லை; எல்லாக் கதைக்கும் அடியில் 'ஆசிரியர் குழு' என்றுதான் இருக்கும். இப்போது ஒரு பதிப்பகம் அவற்றைப் புத்தகமாகப் போடுகிறது. அட்டையிலும் 'ஆசிரியர் குழு' என்றே போடப்போகிறது. அக்கா நேரில் போய்ச் சொன்னதற்கு, பதிப்பக மேலாளர் தன்மையாகத்தான் பேசினார்.

"நீங்க எழுதினதுன்னா உங்க பேரைப் போடுறதுல எனக்கு என்னம்மா கஷ்டம்? உங்க எழுத்தாளர் சங்கத்துலேர்ந்து ஒரு வரி வாங்கிட்டு வாங்க, போதும். இருபதாம் தேதி அட்டை அச்சுக்குப் போகுது."

பன்னிரண்டாம் தேதி செயற்குழு கூடியது. மேசையின் தலைமாட்டில் தலைவர். அரசர்களும் குதிரைகளும் இல்லாமல் அவர் ஓர் அத்தியாயம்கூட எழுதியதில்லை. வலப்பக்கம் துணைத் தலைவர். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பதினான்கு புத்தகம் எழுதி அதே வீட்டில் குடியிருப்பவர். எதிரே மர்மத் தொடர் எழுதும் பொருளாளர். கடைசியில் கவிஞரான இணைச் செயலாளர். செயலாளர் குறிப்பேட்டோடு ஓரமாக இருந்தார்.

"ஒரே ஒரு வரி போதுங்க" என்றார் அக்கா. "'இந்த இருபத்திரண்டு கதையும் இவங்க எழுதினது'ன்னு எழுதி முத்திரை குத்திக் குடுத்தா முடிஞ்சுது."

தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு வரியா? ஏம்மா, எழுத்தாளர் சங்கத்துலேர்ந்து ஒரே ஒரு வரி வெளியே போனா நாலு பேரு என்ன நினைப்பாங்க? இவங்களுக்கு எழுத வரலைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"அதுவும் மொட்டையா 'இவங்க எழுதினது'ன்னா?" என்றார் பொருளாளர். "எடுத்த எடுப்புல யாருன்னு சொல்லிட்டா அப்புறம் எவன் படிப்பான்?"

"படிச்சு முடிச்சவனுக்கு ஒரு பயன் இருக்கணும்" என்றார் துணைத் தலைவர். "அவன் வாழ்க்கை மாறணும்."

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி குறிப்பேட்டைப் பார்த்தார். அக்கா மறுபடி மேசைப் பக்கம் திரும்பினார்.

"எழுதும்போது என் பேரு எனக்கு ஞாபகமே வரலைங்க. அட்டையில அது இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான், எனக்குன்னு ஒரு பேரு இருக்குங்கிறதே ஞாபகம் வந்துச்சு."

ஐந்து பேனாக்களும் ஒரே நேரத்தில் திறந்தன.

"அடடா!" என்றார் தலைவர். "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா. 'எழுதும்போது...' அப்புறம்?"

அக்கா இன்னொரு தரம் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஓர் உறுப்பினரின் துயரம் இவ்வளவு கவனமாகப் பதிவு செய்யப்பட்டது சங்க வரலாற்றில் அதுவே முதல் தடவை. கோரிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டு, திருத்தத்துக்காகப் பத்தொன்பதாம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டில் செயலாளரின் மனைவிக்கு இந்த நடைமுறையின் அருமை புரியவில்லை.

"முத்திரை எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"அலமாரியில."

"சாவி?"

"என்கிட்டதான்."

"உங்க அக்காதான் அந்தக் கதையெல்லாம் எழுதினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஏன் தெரியாது? அந்த ஆமைக்குக் குடை குடுக்கச் சொன்னதே நான்தான்."

"அப்ப எழுதி, குத்திக் குடுத்துட்டு வாங்களேன். ஈரக் கையால தொடாதேன்னு எழுத யாரைக் கேட்டீங்க?"

"அது தனிநபர் ஆட்சி. இது ஜனநாயகம். உனக்குப் புரியாது."

"புரியுது" என்று மனைவி விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி ஜனநாயகம் முழு வீச்சில் நடந்தது. செயலாளர் எழுதிக் கொண்டுபோயிருந்த ஒரு வரியைத் தலைவர் முதலில் வாங்கினார். அதற்கு முன்னால் ஒரு சூரியோதயமும், அதில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் ஏழு குதிரைகளும் சேர்ந்தன. அக்கா சொன்ன வாக்கியத்தை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தார். துணைத் தலைவர் அதைப் பெயர் பெறுவதற்கான ஐந்து படிகளாகப் பிரித்தார். பொருளாளர், எழுதியவர் யார் என்பதைக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்குத் தள்ளி, நடுவில் இரண்டு பேர் மீது சந்தேகம் வரும்படி செய்தார். இப்படி ஐந்து பக்கம் ஆனபிறகு தாள் கவிஞரிடம் போனது. கவிஞர் கடைசி வரியைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை முணுமுணுத்தார்.

"பேரை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா?" என்றார் செயலாளர்.

"பேரைச் சொன்னா அது தகவல். சொல்லாம விட்டா அது வலி."

தலைவர் மேசையைத் தட்டினார். "பிரமாதம்!"

கடிதம் எதற்காக என்பது செயலாளருக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ஞாபகத்துக்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. 'திருத்தம் நான்கு: வலி கூட்டப்பட்டது' என்று பதிந்துகொண்டார். தம் பங்குக்கு அவரும் திருத்தியாக வேண்டுமே. 'இக்கடிதத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். முத்திரை விழுந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவும் தம்பியும் பதிப்பகத்தில் இருந்தார்கள். மேலாளரின் மேசை மேல் அட்டையின் மாதிரி விரித்துக் கிடந்தது. குடை பிடித்த ஆமை ரொம்ப அழகாக வந்திருந்தது. மேலாளர் ஐந்து பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்ன எழுத்து, என்ன எழுத்து! படிக்கிறப்ப நெஞ்சை அடைச்சுடுச்சு" என்றார். "ஆனா இது யாரைப் பத்தினது?"

"இவங்களைப் பத்திதான்" என்றார் செயலாளர்.

"இவங்க பேரு இதுல எங்கேயும் இல்லையே."

அக்கா தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை விரலால் தடவிக்கொண்டே போனார். தம் வாக்கியம் இருந்தது. தாம் இல்லை.

மேலாளர் நல்ல மனிதர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "சார், செயலாளர் நீங்கதானே? இந்த இடத்துல பேரை எழுதி, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் மாத்திடறேன். மிஷின்காரர் வெளியே காத்துட்டு இருக்கார்."

பேனா நீட்டியபடியே இருந்தது. செயலாளர் கையை எடுத்தார். பாதி தூரம் கொண்டுபோனார். செயற்குழு நிறைவேற்றிய வாசகத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அது ஆறாவது திருத்தம். ஆறாவது திருத்தத்தை மற்ற நால்வரும் மறுபடி திருத்த வேண்டும். சேர்த்தது தெரிந்தால் தலைவர் முகத்தில் எப்படி விழிப்பது? பதவி போனால், கண்ணாடிக் கடை மாடியில் இத்தனை வருஷம் கேட்ட 'செயலாளர் ஐயா'வை மறுபடி எங்கே போய்க் கேட்பது? அக்காவை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"அவசரக் கூட்டம் கூட்டிடறேன்" என்றார். "ஏழு நாள் முன்னறிவிப்பு குடுக்கணும், அவ்வளவுதான்."

மேலாளர் பேனாவை மூடினார். மிஷின்காரர் அட்டையை எடுத்துப் போனார். அக்கா படியிறங்கினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகல், அக்கா சங்க அலுவலகத்துக்கு வந்தார். தம்பி மகளுக்காக ஒரு புத்தகம் கொண்டு வந்திருந்தார். 'ஆசிரியர் குழு' என்ற எழுத்துகள் அட்டையில் பளபளவென்று இருந்தன. அக்கா அதை மேசையில் வைக்கும்போதே தொலைபேசி அடித்தது. தலைவர்.

"நம்ம கடிதம் இருக்கில்ல? குதிரையை மட்டும் கொஞ்சம் குறைச்சு, 'பெயரின் உரிமை'ன்னு தலைப்பு வெச்சு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன்ப்பா. முதல் வரியைப் படிச்சே ஆடிப்போயிட்டாங்களாம். ஆனா, இது முழுக்க என்னோட சொந்த எழுத்துதான்னு நம்ம சங்கம் சான்று தரணுமாம். நாலு மணிக்குள்ள வேணுமாம்."

"இதோ, இப்பவே ஐயா."

செயலாளர் அலமாரியைத் திறந்து கடிதத்தாளை எடுத்தார். மணி மூன்றே முக்கால். எழுதினார், ஊதினார், முத்திரை குத்தினார். மணி மூன்று நாற்பத்தாறு.

"கூட்டம்?" என்று கேட்டார் அக்கா.

"பதினாலாம் விதி, இரண்டாம் உட்பிரிவுக்கா. அவசரம்னா செயலாளரே தனியா கையெழுத்துப் போடலாம்."

"இந்த விதி போன மாசம் இருபதாம் தேதி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"அவசரமா இல்லையான்னு தலைவர்தானேக்கா முடிவு பண்ணணும்? அன்னைக்கு யாரும் அவசரம்னு சொல்லலையே."

அக்கா அந்தத் தாளைக் கையில் எடுத்தார். கையேடு எழுதிப் பழகிய தம்பியின் கையெழுத்து. ஒரே வரி, பளிச்சென்று இருந்தது. வாய்விட்டே படித்தார்.

"'எழுதும்போது என் பெயர் எனக்கு ஞாபகமே வரவில்லை' எனத் தொடங்கும் இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதியவர் எங்கள் தலைவர்தான் என்று சான்றளிக்கிறோம்."

தாளைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கேடா. ஒரு திருத்தமும் தேவையில்ல."

எழுத்தாளர்களுக்காகச் சங்கம் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று பேசித் திரிகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வரி இன்னாருடையதுதான் என்று அங்கே ஒரே நிமிடத்தில் சான்று கிடைக்கும். அந்த வரி அவருடையதாக இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.