தொடாதே மாஸ்டரும் துரையின் காரும்

பினாங்கில் அந்நாளில் ஓடிய மோட்டார் வண்டிகளில் பாதி, ஒரு மனிதர் ஸ்பேனரைத் தொடாமல் இருந்ததால்தான் ஓடின என்று நான் சொன்னால், கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பீர்கள். கலங்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனில் ஒரு தொழிற்பள்ளியின் ஃபிட்டர் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தவன் நான். உட்கார்ந்து என்பதைக் கவனியுங்கள். பக்கத்து வகுப்புகளில் பையன்கள் அரம் போட்டார்கள், சம்மட்டி அடித்தார்கள். நாங்கள் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

அது எங்கள் மாஸ்டரின் சட்டம். நாங்கள் அவரைத் தொடாதே மாஸ்டர் என்போம். சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் அதையே மலாயில் 'ஜாங்கான் பெகாங்' என்பார்கள். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. அது ஆபீஸ் ரிஜிஸ்டரோடு சரி.

முதல் நாள் வகுப்பின் நடுவில் ஒரு கைப்பம்பு நின்றது. எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வரவில்லை. பன்னிரண்டு பேரும் ஸ்பேனரோடு பாய்ந்தோம்.

"தொடாதே!"

ஆள் ஈர்க்குச்சி. குரல் மட்டும் கப்பல் சங்கு. கூரைத் தகரம் அதிர்ந்தது.

"என்னடா தெரியுது?"

"பம்பு, மாஸ்டர்."

"அது அதோட பேரு. பேரா ரிப்பேர்? என்ன தெரியுதுன்னு கேட்டேன்லா."

மத்தியானம் வரை பார்த்தோம். கடைசியில் ஆ செங் என்ற பையன், குழாய் போகும் வழியையே கண்ணால் பிடித்துக்கொண்டு போய், அதன் மறுமுனை தொட்டிக்குள் இறங்கவே இல்லை, வாளிக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடித்தான். பம்பில் ஒரு குற்றமும் இல்லை. நாங்கள் கழற்றியிருந்தால் அன்றே அதற்குக் கருமாதி நடந்திருக்கும்.

எந்தக் கோளாறுக்கும் மூன்று காரணம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காரணத்தையும், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் சரிபார்க்க வழி சொல்ல வேண்டும். "மாஸ்டர்தான் சொன்னீங்க" என்று எவனாவது வாய் தவறிச் சொன்னால், பெஞ்சுமேல் ஏறி நிற்க வேண்டும். அந்தப் பெஞ்சில் என் கால் தடம் இன்னும் இருக்கும்.

மனிதர் வெளியிலும் இப்படித்தான். காவடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்கும் நாசி கண்டார்க்காரரின் கூடைக்கு முன்னால் நின்று, மீன் குழம்பு நேற்றைவிட ஏன் கறுப்பு என்று மூன்று காரணம் யோசிப்பார். பின்னால் பசித்த வரிசை கத்தும். "நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மீனு கடலுக்கே திரும்பிப் போயிடும் அண்ணே!" என்று கடைக்காரர் கும்பிடுவார். ஆனால் மூன்றாவது காரணம் சரியாக இருக்கும். புளி மாறியிருக்கும்.

எங்கள் வீடுகளில்தான் புகைந்தது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். ஜெலுத்தோங்கிலிருந்து நடந்தே வந்து என் உள்ளங்கையை மாஸ்டர் முன்னால் விரித்துக் காட்டினார்.

"ஒரு கொப்புளம் இல்லை மாஸ்டர். ஆறு மாசமா இவன் என்னதான் படிக்கிறான்?"

"யோசிக்கப் படிக்கிறான்."

"அதை வீட்டுல படுத்துக்கிட்டே செய்றானே!"

ஹமீத் என்ற பையன் வீட்டுக்குப் போகுமுன் சட்டையில் கிரீஸ் தடவிக்கொண்டு போனான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அப்பா இன்னும் நாலு தகப்பன்மாரைச் சேர்த்து மனு எழுதிப் போட்டுவிட்டார்.

மனு மேலே போயிற்று. மேற்பார்வைத் துரை வருகிறார் என்று தகவல் வந்தது. அவருக்குத் திருப்தி இல்லையென்றால் மாஸ்டர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருக்கிறது, பிரம்போடு ஒரு ஃபோர்மன் வரப்போகிறார் என்று ஆபீஸ் பியூன் சொன்னான். என் அப்பா போட்ட கையெழுத்தை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

துரை வந்தார். கைகளை அடக்கி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, "இது தொழிற்பள்ளியா, தேவாலயமா?" என்றார். பிறகு முற்றத்தில் நின்ற தம் காரைக் காட்டினார். மூன்று பட்டறை பார்த்துக் கைவிட்ட கார். இதைச் சரிசெய்யட்டும் உங்கள் சிந்தனையாளர்கள் என்றார்.

நாங்கள் காரைச் சுற்றி நின்று, டிரைவர் காதர் அண்ணனைக் கேள்வியால் துளைத்தோம்.

"நாலு மைல் போனா நின்னுடும் தம்பி. அரை மணி நேரம் கழிச்சு அதுவா கிளம்பும்."

"மழையிலேயும் அப்படியா அண்ணே?"

"மழை, வெயில், ஒரே கதைதான். டாங்கு நிறைய எண்ணெய் ஊத்துன அன்னிக்கு இன்னும் சீக்கிரமா நிக்கும். எனக்கே மண்டை காயுது."

மாஸ்டர் தாடையைத் தடவினார். "தீப்பொறி குடுக்கிற காயில் சுருள் சூடாகுது. ஆறினதும் கிளம்புது" என்று துரையிடம் சொன்னார். துரை தலையாட்டினார். மாஸ்டரின் வேலை தப்பித்தது என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது.

எனக்கு மட்டும் வரவில்லை. பெட்ரோல் டாங்கின் பித்தளை மூடி கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. துரை உத்தரவுப்படி காதர் அண்ணன் தினம் பாலிஷ் போட்டுத் தேய்க்கிறார். மூடியில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை இருக்க வேண்டும். அதைக் காணோம். காய்ந்த பாலிஷ் அடைத்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"இல்லை மாஸ்டர். நீங்க சொல்றது தப்பு."

அப்பா மனுப் போட்டார், மகன் குழியே தோண்டிவிட்டான் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் சொன்னேன். காயில் சூடென்றால், டாங்கு நிறைந்திருப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பெட்ரோல் வெளியே போகப்போக உள்ளே காற்று வர வேண்டும். வழி இல்லை. நிறைந்த டாங்கில் உள்ளே இருக்கும் காற்றும் கொஞ்சம், அதனால் சீக்கிரமே பெட்ரோல் வராமல் இழுபறி. நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள், போதும்.

துரையும் மாஸ்டரும் நானும் அந்தக் காரிலேயே போனோம். ஆயர் ஈத்தாம் சாலையில் அது நின்றது. காதர் அண்ணன் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. எஞ்சின் உடனே கிளம்பியது.

துரை மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் உம்முடைய மாணவனுக்கு உம்மைவிட அதிகம் தெரிகிறது?"

"ஆமாம் துரை" என்றார் மாஸ்டர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்."

துரையோ பள்ளி வந்து சேரும்வரை, தம் உத்தரவால் பளபளத்த அந்த மூடியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆபீஸில் டைப் அடித்த காகிதத்தை வாங்கி, நாலாகக் கிழித்துப் போட்டார் என்று பியூன் ஓடிவந்து சொன்னான்.

வகுப்பில் மாஸ்டரின் மேஜைக்கு அடியில் ஒரு பிரம்புப் பெட்டி கயிறு கட்டி இருந்தது. காலையிலேயே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுத்தான் மனிதர் துரை முன்னால் நின்றிருக்கிறார்.

"காயில்னு வேணும்னேதானே சொன்னீங்க, மாஸ்டர்?" என்றேன்.

"இல்லைடா. நெசமாவே எனக்குத் தெரியலை" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கயிற்றை அவிழ்த்து, அவருடைய நாலு புத்தகங்களையும் ஒரு கண்ணாடிக் கூட்டையும் எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன். பிற்பாடு எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். எதையும் அவ்வளவு பத்திரமாக நான் அடுக்கியதில்லை.