பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் போட்ட பாட்டு

எங்க அப்பாவோட ஹார்ட் டிஸ்க்ல இருக்குற பாட்டையெல்லாம் டிவியில கேக்குற மாதிரி செஞ்சு கொடுக்கணும். அவ்வளவுதாங்க வேலை.

"ஏலே, ஞாயித்துக்கிழமை மீனாவைப் பொண்ணு பாக்க சிவகிரியில இருந்து வாராவ. வீட்டுல மெதுவா ஒரு பாட்டு ஓடுனா நல்லா இருக்கும்லா. கம்ப்யூட்டர்லதான பொழைக்க, செஞ்சி தா"ன்னாரு அப்பா.

மீனா என் தங்கச்சி. இதுக்கு முன்னாடி வந்த இடமெல்லாம் தட்டிப் போயிருந்துச்சு. இந்தப் பையனை அவளுக்கு போட்டோவுலயே பிடிச்சுப் போச்சு. "அண்ணே, நீ எதையும் சொதப்பிராத"ன்னு முன்கூட்டியே சொன்னா. தீர்க்கதரிசி!

அப்பா ரிட்டயர்டு எஸ்.ஐ. தென்காசியில எங்க தெருவுக்கே பாட்டு சப்ளை அவருதான். கல்யாணமோ, கோயில் கொடையோ, துட்டி வீடோ, எங்க டிஸ்க்தான் போகும், எங்க ஸ்பீக்கர்தான் பேசும். கொடைன்னா திருவிழா, துட்டின்னா சாவு. டிஸ்க்ல அவர் வச்சிருந்த ஃபோல்டரும் அதேதான்: விசேஷம், கொடை, துட்டி.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உலகமே பாடகர், ஆல்பம், வருஷம்னு அடுக்குது. நாம மட்டும் சாவுன்னு அடுக்குறதா?

மூணு ஃபோல்டரையும் கலைச்சு, ஒரே குவியலாக்கி, டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் பாட்டை அனுப்புற மீடியா சர்வர்ல ஏத்துனேன்.

சர்வர் மொத்தத்தையும் படிச்சுட்டு ஒரு முடிவு சொல்லுச்சு. அப்பாகிட்ட இருக்குற அத்தனை பாட்டையும் பாடினது ஒரே ஆளாம். யாருன்னு பாத்தா, பாட்டு டவுன்லோடு பண்ற வெப்சைட்டோட பேரு!

பேரெல்லாம் திருத்த உக்காந்தேன். இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளி வச்சா ஒரு பாடகர், வைக்கலைன்னா வேற பாடகர்னு காட்டுது. இசையமைப்பாளர் பேர்ல அடுக்கலாம்னா, "ஹீரோ பேரைப் போட்டாத்தாம்ல எனக்குத் தெரியும்"ங்காரு அப்பா.

அம்மாவுக்கு அதுவும் வேண்டாம். "செங்கோட்டை பஸ்ல போடுவாம்லா, அந்தப் பாட்டு எங்கன இருக்கு?"

அதுக்கு எந்த சாஃப்ட்வேர்லயும் இடம் இல்லம்மா!

இது ஆவுற வேலை இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. பாட்டோட வேகத்தை வச்சுப் பிரிக்கிற வசதி ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மெதுவா ஓடுற பாட்டை மட்டும் தனியா எடுக்கச் சொன்னேன். எடுத்துச்சு. 'இனிய மெலடி'ன்னு பேரு வச்சேன். வீட்டுல இருக்குற ஸ்பீக்கர் எல்லாத்தையும் சர்வரோட இணைச்சேன், கொடைக்கு மாடியில கட்டி இன்னும் அவுக்காம கிடந்த பெரிய ஸ்பீக்கர் உட்பட.

மெதுவான பாட்டை வேற எந்த வீட்டுல போடுவாங்கன்னு என் மண்டைக்கு எட்டவே இல்லை.

ஞாயித்துக்கிழமை. சிவகிரிக்காரங்க போன் பண்ணாங்க. "குத்தாலத்துல நல்ல சாரல். ஐந்தருவியில ஒரு குளியலைப் போட்டுட்டு அப்படியே வந்துருதோம்."

வேன்ல வந்து இறங்குனாங்க. ஆணும் பொண்ணுமா எல்லாருக்கும் ஈரத் தலை.

எந்த ஸ்பீக்கர்ல பாடணும்னு சர்வர் கேட்டுச்சு. நான் கெத்தா 'எல்லாத்துலயும்' கொடுத்தேன்.

முதல் பாட்டு அருமை. மாப்பிள்ளையோட அம்மா தலையை ஆட்டி ரசிச்சாங்க. மீனா காபித் தட்டோட வந்தா. ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சுது.

சங்கு ஊதி ஆரம்பிச்சுது.

மனுஷ வாழ்க்கை எவ்வளவு அற்பம்னு ஒருத்தர் விம்மி விம்மிப் பாடுதாரு. கேசரி வாயில இருக்க, மாப்பிள்ளை மெல்லுறதை நிறுத்திட்டாரு.

"ஏலே, நிப்பாட்டுல!"ன்னாரு அப்பா.

பதட்டத்துல அடுத்த பாட்டை அமுக்குனேன். அது ஒப்பாரி! டிவியை அணைச்சேன். டிவி அணைஞ்சுது. மாடி அணையலை. சர்வர் கவலையே படாம தெருவுக்குப் பாடிக்கிட்டு இருந்துச்சு.

எங்க தெருவுக்கு அந்தப் பாட்டு தெரியும். எங்க மாடியில அது கேட்டா என்ன அர்த்தம்னும் தெரியும்.

முதல்ல ஓடி வந்தது பக்கத்து வீட்டுப் பரமசிவம் மாமா. பின்னாடியே பாதித் தெரு. மாமா எட்டிப் பாத்தாரு. வாசல்ல வேன். உள்ள ஈரத் தலையோட வெளியூர்க்காரங்க. மூலையில தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நான்.

"அதுக்குள்ள எடுத்தாச்சா? எல்லாரும் குளிச்சிட்டு வந்து உக்காந்திருக்காவளே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"ன்னு வாசப்படியில உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டாரு.

அப்பா வெளிய வந்தாரு. "வே பரமசிவம், யாருக்கு வே அழுதீரு?"

மாமா நிமிந்து பாத்தாரு. "உமக்குத்தான் வே!"

மீனா காபித் தட்டைக் கீழ வச்சா. என்னைப் பாத்தா. கண்ணு நிறைஞ்சு இருந்துச்சு. இந்த இடமும் போச்சு, அதுவும் என்னால. மாடிக்கு ஓடிப்போய் வயரைப் பிடுங்கி எறிஞ்சேன்.

இறங்கி வந்தா, மாப்பிள்ளையோட அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. அழுகைன்னு நினைச்சேன். சிரிப்பு!

"ஒரு பாட்டுக்கு இம்புட்டு பேரு ஓடி வாராவ. எங்க தெருவுல நெசமாவே செத்தாக்கூட போன் பண்ணித்தான் கூப்பிடணும். இந்த வீட்டுலயே பொண்ணு எடுப்போம்"ன்னாங்க.

ஓடி வந்த எல்லாருக்கும் கேசரி கொடுத்தோம். பரமசிவம் மாமா, அழுத களைப்புல, இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு.

அப்பா அன்னைக்கே டிஸ்க்கைப் பிடுங்கிக்கிட்டாரு.

கல்யாணத்தன்னைக்கு மண்டப வாசல்ல நிக்க வச்சு, என் கையில பன்னீர்ச் சொம்பைக் கொடுத்துட்டுச் சொன்னாரு:

"இதுல பட்டன் எதுவும் கெடையாது. தைரியமா தெளி."