வாடகைக் காருக்கு வாய்த்த யோசனைக்காரர்

சொந்தக் கார் வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கார் இல்லாமல் சைக்கிளிலேயே காலத்தை ஓட்டுகிறவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று எங்கள் டெவென்டர் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு வாடகைக் கார் யோசனைக்காரர் என்று பெயர். அவர் காரை வாடகைக்கு விடுபவர் அல்ல. எடுப்பவரும் அல்ல. எடுக்கப் போகிறவருக்கு யோசனை சொல்பவர். முதல்முறையாக ஒரு வாடகைக் கார் எடுக்கப் போகிறேன் என்று நீங்கள் வாயைத் திறந்தால் போதும், நாலு வீடு தள்ளி உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருப்பவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத" என்று ஆரம்பிப்பார். தப்பாக நினைக்க உங்களுக்கு அவகாசம் தரமாட்டார். "முதல் தடவைங்கிறது அவங்களுக்கு முகத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்பார். "சிரிக்கிறான்னா எதையோ தலைல கட்டப் போறான்னு அர்த்தம்" என்பார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, ஏதோ உளவுத்துறை ரகசியத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி, "கார்க் கூரையப் பாரு. எல்லாரும் கதவத்தான் பாப்பாங்க. ஒருத்தனும் கூரையப் பாக்க மாட்டான்" என்பார். இதையெல்லாம் அவர் எங்கே கற்றார்? வாழ்நாளில் எத்தனை வாடகைக் கார் எடுத்திருக்கிறார்? ஒன்று. கிரீட் தீவில், தலை நிறைய முடி இருந்த காலத்தில். அவர் போடாத கீறலுக்கு அங்கே அவரிடம் பணம் பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் யாருக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிறார்.

எங்கள் தெருவில் அந்த இனத்தின் பிரதிநிதி ஹார்மென். நீர்வாரியத்தில் ஆற்றங்கரைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கரையோரமாகக் குனிந்து குனிந்து விரிசல் தேடியே பிழைப்பை நடத்தியவருக்கு இப்போது தேட விரிசல் இல்லை. ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

என் பிறந்தநாளன்றுதான் அவருக்கு வேலை கிடைத்தது. எங்கள் பிறந்தநாள் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். வருகிறவர்கள் எனக்கு வாழ்த்துச் சொல்வார்கள். என் மனைவிக்குச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். பிறகு ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால், காபி ஆறும் வரை தப்பிக்க வழியில்லை. அப்படி மாட்டிக்கொண்டு, ஹார்மெனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அடுத்த வீட்டு அலைடா ஒரு வார்த்தை விட்டாள்.

"சனிக்கிழமை யோரிட்டுக்குக் கல்யாணம். ஆர்டென் மலைப்பக்கம், பஸ்ஸே போகாத ஊரு. கார் வாடகைக்கு எடுத்திருக்கேன்."

யோரிட் அவளுடைய தம்பி. அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது பியானோ யாருக்கு என்று இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. பியானோ கடைசியில் மூன்றாம் மனிதர் வீட்டுக்குப் போனது. அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போது அவனாகவே பத்திரிகை அனுப்பியிருக்கிறான். இவள் போன் செய்ததற்கு, "வர்றதுன்னா நேரத்துக்கு வா. இல்லன்னா இப்பவே சொல்லிடு, சாப்பாட்ட ஒண்ணு குறைச்சிடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டானாம். எங்கள் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் அலைடா அந்த வாக்கியத்தை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் தாமதமானாலும், அக்கா வரவில்லை என்றே அவன் முடிவு கட்டிவிடுவான். இன்னொரு பத்திரிகை வராது.

வட்டத்தில் இருந்தவர்கள் இதைக் கேட்டு நெகிழ்ந்தோம். ஹார்மென் கேட்டது ஒரே ஒரு சொல்லை.

"வாடகைக்கா?" கேக் தட்டைக் கீழே வைத்தார். "இதுக்கு முன்னாடி எடுத்திருக்கியா?"

"இல்ல."

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத..."

காபி ஆறியது. பாலாடைக்கட்டித் துண்டுகளும் கடுகுச் சாந்தும் வந்து போயின. இன்சூரன்ஸை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பெரிய கார் சும்மா தருகிறேன் என்றால் வாங்கக் கூடாது. மலை இறக்கத்தில் இரண்டாவது கியர். மலையில் எப்படி ஓட்டுவது என்று, கிரீட்டிலும் கடற்கரையோரமாகவே ஓட்டி, தன் வாழ்நாளில் பாலத்தைவிட உயரமான எதிலும் வண்டி ஏற்றியிராத ஒருவர், அதேபோன்ற எங்களுக்கு விளக்கினார். கடைசியில், "எதுக்கும் நானே கூட வரேன். உனக்கு இதெல்லாம் பழக்கமில்ல பாரு" என்றார். அலைடா என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் சைக்கிளில் கிளம்பினோம். கார் எடுக்கச் சைக்கிளில்தானே போக வேண்டும்? நான் எதற்கு என்று கேட்காதீர்கள். இதைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. ஹார்மெனின் சைக்கிளில் இரு பக்கமும் பெரிய பைகள் தொங்கின. ஒன்றில் டார்ச், அளவு நாடா, முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு ரப்பர் விரிப்பு. இன்னொன்றில் வழியில் சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கு. சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. "நம்ம நாட்டுல சாய்ச்சு வைக்கச் சுவருக்கா பஞ்சம்?" என்பது அவர் கட்சி.

கடையில் ரஷீத் என்ற இளைஞர் இருந்தார். பாவம், சிரித்துவிட்டார்.

"சிரிக்கிறான்" என்று ஹார்மென் எங்கள் காதில் சொன்னார்.

"மேடம், முழு இன்சூரன்ஸ் போட்டுக்கறீங்களா? சின்னக் கீறல் விழுந்தாக்கூட நீங்க கவலைப்பட வேணாம்."

அலைடா வாயைத் திறப்பதற்குள், "வேணாம்!" என்றார் ஹார்மென். "இந்த ஆட்டமெல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி. கீறல் விழுந்தாத்தான? விழாது. நான் பாத்துக்கறேன்."

அலைடா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் தலையாட்டிவிட்டாள்.

வெளியே காலி மைதானம். நடுவில் ஒரு வெள்ளைக் கார், குளித்துத் தலை வாரிய பிள்ளை மாதிரி நின்றது. சாவியை வாங்கிய அலைடா கதவைத் திறக்கப் போனாள். "தொடாத!" என்று ஒரு சத்தம். ஒரு கையில் சைக்கிளைப் பிடித்தபடி, இன்னொரு கையில் போனை உயர்த்தி, ஹார்மென் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். வெறும் படம் போதாதாம், குரலும் வேண்டுமாம், அதுதான் சாட்சியாம். பின்பக்கம், இடதுபக்கம், நான்கு சக்கரம், கண்ணாடிகள், ஆண்டெனா. நுனிக்காலில் நின்று கூரை. "கூரை, சுத்தம்" என்று அறிவித்தபோது அந்தக் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"ஹார்மென், எனக்கு நேரமாவுது" என்றாள் அலைடா.

"அவசரப்பட்டுத்தான் கிரீட்ல நான் மாட்டினேன்."

"அங்க யாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இல்லியே! என் தம்பி வாசலப் பாத்துக்கிட்டு நிப்பான்."

"ரெண்டே நிமிஷம். வலது பக்கக் கதவு. ஒரு கீறல்கூட இல்லை. மயிரிழைகூட இல்லை. ரெண்டு கதவும் புத்தம் புதுசு. அடுத்து, முன் பம்பரின் அடிப்பாகம்."

அடிப்பாகத்துக்கு மண்டியிட வேண்டும். மண்டியிட இரண்டு கையும் வேண்டும். கையில் சைக்கிள் இருக்கிறது. சுற்றிலும் சுவர் இல்லை, கம்பம் இல்லை, மரம் இல்லை. இந்த இடத்தில் வேறு நாட்டுக்காரராக இருந்தால் ஒரு கணம் யோசித்திருப்பார். நாங்கள் சைக்கிளைச் சாய்ப்பதை யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அது தானாக நடக்கும். எதிரே என்ன இருக்கிறதோ அதில் சாய்த்துவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஹார்மென் தன் சைக்கிளை, சற்றுமுன் தானே நற்சான்று கொடுத்த வலது பக்கக் கதவில், வெகு பாந்தமாகச் சாய்த்தார்.

ரப்பர் விரிப்பைப் போட்டார். மண்டியிட்டார். "முன் பம்பர், அடிப்பாகம்..." என்று தொடங்கினார்.

உருளைக்கிழங்குப் பை மெல்லப் புரண்டது. சைக்கிள் நகர்ந்தது. நானும் அலைடாவும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அதற்குள் சைக்கிளின் ஹேண்டில்பாரும் பெடலுமாகச் சேர்ந்து, காரின் முன்கதவுப் பிடியிலிருந்து பின் சக்கரம் வரைக்கும், நிதானமாக, ஒரு நீளமான கோட்டை இழுத்துவிட்டுத் தரையில் விழுந்தன. உருளைக்கிழங்குகள் மைதானமெங்கும் ஓடின.

காரின் முன்னாலிருந்து ஹார்மெனின் குரல் மட்டும் வந்தது. "என்ன சத்தம்?"

எழுந்து வந்தார். பார்த்தார். எச்சில் தொட்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். ரஷீத் ஓடி வந்ததும் விரலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது... முன்னாடியே இருந்திருக்கும்."

"இருக்கலாம் சார்" என்றார் ரஷீத் பணிவாக. "வீடியோ எடுத்தீங்களே, பாத்துடலாமா?"

பார்த்தோம். வேறென்ன செய்வது? சாட்சிக் குரல் கணீரென்று ஒலித்தது: ஒரு கீறல்கூட இல்லை, மயிரிழைகூட இல்லை. பிறகு ஒரு கிறீச். பிறகு, "என்ன சத்தம்?" ரஷீத் மேலே பறந்த ஏதோ ஒரு புறாவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலைடாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு அழுகையா வருது ஹார்மென். ஆனா அழுறதுக்குக்கூட நேரமில்ல. இன்னிக்கு நான் போகலன்னா அவன் என்னை மறந்துடுவான். உங்களுக்குக் கீறல்தான் பெருசு!"

ஹார்மென் காது வரை சிவந்தார். ஆனால் அந்த இனத்துக்கும் முதுகெலும்பு உண்டு. ரஷீத்திடம் திரும்பி, "நான்தான் பண்ணேன் தம்பி. எல்லாத்தையும் என் பேர்ல எழுதிக்கோ. அவள விடு, போகட்டும்" என்றார். அலைடா காரில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி வாசலைத் தாண்டும்போது, கையில் நாலு உருளைக்கிழங்கோடு ஹார்மென் பின்னாலேயே ஓடினார். "மலை இறக்கத்துல ரெண்டாவது கியர்! மறந்துடாத, ரெண்டாவது!"

அது கியரே மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் கார்.

மீதியை அலைடா திரும்பி வந்து சொன்னாள். வழியெல்லாம் ரொட்டியைக்கூடக் கடிக்காமல் ஓட்டியிருக்கிறாள். ஊருக்குள் நுழைந்தபோது கல்யாணக் கூட்டம், பதிவுத் திருமணம் நடக்கும் நகரசபையின் வாசலில் இருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாசற்படியில் மாப்பிள்ளைக் கோலத்தில் யோரிட் மட்டும் நின்றிருந்தான். அவளைப் பார்த்தான். இறங்கி வந்தான். அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, காரைச் சுற்றி வலது பக்கமாக வந்து நின்றாள். கன்னத்தில் முத்தமிடுவதா, கைகுலுக்குவதா, பேசுவதா, பேசினால் எதை? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இவள் வழியெல்லாம் மன்னிப்பு வாக்கியம் ஒன்றை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்; இப்போது கார்ச் சாவியைப் பைக்குள் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள்.

அவன் பார்வை அவள் முகத்திலிருந்து நழுவிக் கதவுக்குப் போனது. போனது, நின்றது. புதுக் கோட்டும் பேண்ட்டுமாக ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தான். விரலால் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே போனான்.

"என்னக்கா இது? எடுக்கும்போதே பாத்தியா? போட்டோ எடுத்தியா?"

"வீடியோவே இருக்குடா."

"முழு இன்சூரன்ஸ் போட்டியா?"

"இல்ல."

"முதல் தடவ எடுக்கறவங்க அத முதல்ல போடணும்! உன்னத் தனியா விட்டா இப்படித்தான். திருப்பிக் குடுக்கறப்ப நான் கூட வரேன். உனக்கு அவங்ககிட்டப் பேசத் தெரியாது."

உள்ளே மணப்பெண் காத்திருக்க, வெளியே மணமகன் கார்ச் சக்கரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான். அலைடா ஓவென்று அழுதாளாம். அவன் கீறலுக்காக அழுகிறாள் என்று நினைத்து, "விடு, இதெல்லாம் பாலிஷ் போட்டாப் போயிடும்" என்று அவள் தோளைத் தட்டினானாம். அவன் கை அவள் தோளில் பட்டு எவ்வளவு காலமாயிற்று! மறுநாள் காலையிலேயே போன் வந்தது: "பெட்ரோல் போட்டதுக்கு ரசீது வாங்கி வச்சியா?" அதற்கு மறுநாளும் வந்தது. இப்போது டயரில் காற்று, வீட்டுக்குச் சூடேற்றும் கொதிகலன், அவளுடைய பல் டாக்டர் என்று யோசனைகள் தினமும் வருகின்றன. பியானோவைப் பற்றி இதுவரை ஒரு பேச்சும் இல்லை.

ஆகவே அந்த இனத்தை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்பைச் சொல்லத் தெரியாதவர்களுக்கு யோசனை சொல்லவாவது தெரிந்திருக்கிறதே. எச்சரிக்கை ஒன்று மட்டும். அலைடா முழு இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்று இதைப் படிக்கும்போது எங்கேயாவது முணுமுணுத்தீர்களா? சைக்கிளைத் தரையில் படுக்கப் போட்டிருந்தால் தீர்ந்தது என்று தோன்றியதா? வெள்ளைக் காருக்கு எந்தப் பாலிஷ் நல்லது என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா? தெரியும் என்றால் உங்கள் வாயைக் கொஞ்சம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் யாரோ முதல்முறையாகக் கார் எடுக்கப் போகிறார்கள்.