பதினொரு கையெழுத்து

மாடியில் குடியிருக்கும் என் அன்பு மகனுக்கு, கீழ் அறையிலிருந்து அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். காலையில் உன் பைக் கிளம்பிய சத்தம் கேட்டது.

என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதை முதலில் மன்னிக்கவும். நாற்பது வருஷம் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிய கை. பேனாவைக் கொடுத்தால் ஜாக்கி என்று நினைத்து அழுத்துகிறது. இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கும். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆனாலும் சொல்கிறேன், எழுத எழுத ஜோராக இருக்கிறது.

ஜோர் இத்தோடு போதும். இனி கோபம்.

"வீட்ல எது கிடைச்சாலும் படிங்க ஐயா" என்று என் முதியோர் மாலை வகுப்பு டீச்சர் சொன்னார். மாத்திரை அட்டை, சோப்பு உறை, உன் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை எல்லாம் படித்து முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளின் பள்ளி டைரியை எடுத்தேன். அவள் டீச்சர் எழுதியிருக்கிறார்: "பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்." கீழே ஒரு கையெழுத்து. அடுத்த பக்கம்: "பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். வந்து பேசவும்." கீழே கையெழுத்து. அப்புறம்: "இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவசியம் வரவும்." அதற்கும் கையெழுத்து. இப்படிப் பதினொரு குறிப்பு, பதினொரு கையெழுத்து. போனவர் ஒருவர்கூட இல்லை! ஏண்டா, இது அடுக்குமா? எழுதியவர் கை என்ன வலி வலித்திருக்கும்? ஒரு வரி எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கல்லவா தெரியும்!

நீ என்ன செய்தாய்? மார்க் குறைந்துபோச்சு என்று கத்தினாய். அவளுடைய வண்ணப் பென்சில் டப்பாவைப் பீரோ மேலே ஏற்றினாய். டியூஷனில் சேர்த்தாய், அங்கேயும் அவளுக்குக் கடைசி வரிசை. மருமகளோ, "எல்லாம் நீங்க குடுக்கற செல்லம் மாமா" என்று பழியை என் தலையில் கட்டினாள். பஞ்சரான டயரை எந்த டிரைவராவது நிற்கவைத்துத் திட்டுவானா? தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்க்க வேண்டாமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்னிடம் வந்து, "தாத்தா, நான் மக்குதானே?" என்று கேட்கிறாள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

செவ்வாய்க்கிழமை நானே பள்ளிக்கூடம் போனேன். வாசலில் காவலாளி நோட்டை நீட்டி, பேர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் நிதானமாக எழுதினேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். "என்ன பெரியவரே, சொத்தையா எழுதி வைக்கறீங்க?" என்றான் ஒருத்தன். "இருப்பா, இன்னும் ஒரு துணைக்கால் பாக்கி" என்றேன்.

வகுப்புக்குள் போனால் உட்கார இருந்தது பிள்ளைகளின் நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது அதுவும் என்னோடு எழுந்தது. டீச்சர் நாற்காலிக் காலைப் பிடிக்க, நான் முன்னால் இழுக்க, வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் இருந்த நம்ம பிள்ளையும் சிரித்தாள். "மெதுவாம்மா, வேட்டி கிழிஞ்சிரும்" என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, "ஐயோ, தாத்தாவா அது? யாரோன்னு நினைச்சேன்!" என்று ஓடிவந்தாள்.

நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பத்தடி தூரத்தில் இருக்கும் தாத்தாவையே தெரியாத பிள்ளைக்குப் பலகையில் இருக்கும் கணக்கு எப்படியடா தெரியும்? டீச்சர் அப்போதே அவளை முன் பெஞ்சுக்கு மாற்றினார். வீட்டுக்கு வரும்போது, "அப்ப நான் மக்கு இல்லையா தாத்தா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் சொன்னேன். நீயும் ஒரு முறை சொல்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண் பரிசோதனை. பெற்றோர் வர வேண்டுமாம். வேலை, மீட்டிங் என்று சாக்குச் சொன்னால் உன் பைக்கின் இரண்டு டயரிலும் காற்று இருக்காது. அது எப்படி என்று எனக்குத் தெரியும்.

உனக்கும் மருமகளுக்கும் என் ஆசி. கோபத்தில் இருப்பதால் இப்போதைக்குப் பாதிதான். மீதி சனிக்கிழமை பரிசோதனை முடிந்ததும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: மேலே ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் பதினொன்றில் உன் கையெழுத்து நான்குதான். மற்ற ஏழும் என்னுடையவை. மாலை வகுப்பில் முதல் வாரமே கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது மூன்று மாதம் கழித்துத்தான். "அப்பா கிளம்பிட்டாரு தாத்தா, யாராவது போடணும்" என்று பிள்ளை டைரியை நீட்டியபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் சந்தோஷமாகப் போட்டேன். ஏழாவதுக்கு அடிக்கோடு வேறு. "கையெழுத்து அழகா இருக்கு ஐயா, ஆனா மேல என்ன இருக்குன்னு யாரையாவது கேட்டிருக்கலாமே?" என்று செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட டீச்சர் கேட்டார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். கடிதத்தை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். மூன்று நாள் உழைப்பு, மனசு வரவில்லை. ஆகவே மேலே உள்ள திட்டில் நான்கு பங்கை நீ எடுத்துக்கொள், ஏழு பங்கு எனக்கு. சனிக்கிழமை அங்கே தரும் தாளை நீ உரக்கப் படி, பிறகு கையெழுத்தை நான் போடுகிறேன். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதற்குள் பீரோ மேலிருக்கும் பென்சில் டப்பாவை இறக்கி வை. அந்தக் கடிதத்துக்குப் படம் அவள் போடுகிறாளாம்.